மட்டை இறங்கும் நேரம்

ஆறு மணி ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொள்வார். காக்கிச் சட்டை. எஞ்சின் எண்ணெய் பட்டுப் பட்டு முழங்கைப் பக்கம் கறுத்துப்போனது. அக்கா அதை எத்தனையோ முறை ஒளித்து வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தொழிற்சாலைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு நடக்கத் தொடங்கிவிடுவார்.

போவது எஞ்சின் ரூமுக்கு. அங்கே எஞ்சின் நின்றே பல மாதமாகியிருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வெளி மின்சாரம் வந்துவிட்டது. கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள், துரை வந்து சுவிட்சைப் போட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். அதுவரை டீசல் எஞ்சினை ஓட்டித் தொழிற்சாலைக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்பா. கை தட்டி முடித்ததோடு அவருக்கு வேலையும் முடிந்தது. எஞ்சின் ரூமுக்குப் பெரிய பூட்டு ஒன்று போட்டார்கள். அப்பா அந்தப் பூட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டு, முன்பு வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வீடு திரும்புவார்.

நின்றுவிட்டு வந்தால் பரவாயில்லை. போகிற வழிதான் பயம். லயத்திலிருந்து தொழிற்சாலைக்குப் பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்தச் சாயங்கால நேரத்தில்தான் மேலே திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் வரிசையாக இறங்கும். பனி வேறு மூடிவிடும். அக்காவின் கணவர், என் மச்சான், அப்படி ஒரு லோரிதான் ஓட்டினார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வளைவுல மாமா நடு ரோட்டுல போறாரு. நான் அடிச்ச பிரேக்குல பாதிக் கோஸ் ரோட்டுல கெடக்குது," என்றார். "இன்னிக்கு நான். நாளைக்கு வேற எவனாவது வருவான்லா. அவனுக்கு மாமாவத் தெரியுமா?"

எனக்கு மலையில் கால் தரிக்காத காலம் அது. ஈப்போவில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கைத் தட்டச்சு செய்யும் தற்காலிக வேலை. அங்கே தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு மணி நேரம் பேசுவார். அவர் பேசும்போது நான் ஜன்னல் வழியே ரிங்லெட் பக்கம் இறங்கும் பஸ்ஸை எண்ணத்தாலேயே விரட்டிக்கொண்டு போவேன். ஈப்போவில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருந்தது. அடுத்த மாதப் பிறப்பில் வந்து சேர வேண்டும் என்றார்கள். பெட்டியை அன்றைக்கே கட்டிவிட்டேன். அக்காதான் குறுக்கே நின்றாள்.

"நீ போயிட்டா இவர யாருடா பிடிச்சு வைக்கிறது? மச்சான் லோரியில. நான் கொழுந்து கிள்ளி எடைபோட்டுட்டு வந்து அடுப்பப் பாப்பனா, இவரு பின்னாடி ஓடுவனா? அம்மா இருந்தா சரி. அப்பா வீட்டுல உக்காருற அன்னிக்கு நீ போ."

அம்மா அதற்கு முந்தைய வருடமே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

உட்கார வைக்க என்னென்னவோ செய்தோம். ரேடியோ வாங்கி வைத்தோம். எஞ்சின் சத்தத்தில் பாதி போயிருந்த காதுக்கு அது எட்டவில்லை. மச்சான் தாயக்கட்டை கொண்டுவந்தார். மரியாதைக்காக இரண்டு தடவை உருட்டிவிட்டுச் சட்டையைத் தேடினார். அப்போதுதான் எனக்கு அந்த விளையாட்டுப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

எழுபதுகளின் கடைசியில், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு துரை எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு ஒரு டிவி கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்டபத்தில் டிவி முன்பே இருந்தது. சுற்றிலும் மலை என்பதால் அதில் படம் தெரியாது, வெள்ளைப் பொறிதான் தெரியும். பெட்டியை மாட்டியதும் முதல் முறையாக அந்த டிவி உருப்படியாக ஒன்றைக் காட்டியது. கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடாக இரண்டு மட்டை. நடுவில் சதுரமாக ஒரு பந்து. ஆளுக்கொரு குமிழ். திருகினால் மட்டை மேலும் கீழும் போகும். வேறொன்றும் இல்லை. அதற்கே தோட்டம் முழுக்க மண்டபத்தில் கூடியது.

அக்காதான் அதில் ராணி. குமிழை உள்ளங்கையால் பிடிக்க மாட்டாள். கொழுந்து கிள்ளுவதுபோல இரண்டு விரல் நுனியால் தொட்டபடி இருப்பாள். ஆம்பளைகள் தோள் குலுங்கத் திருகித் தோற்பார்கள்.

அப்பா அந்தப் பெட்டியை ஒரு நாளும் பார்த்ததில்லை. லயத்துப் பக்கம் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் அவர் எஞ்சின் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் கரண்ட் இருக்காது. நாங்கள் விளையாடிவிட்டு வந்து சத்தம் போட்டுப் பேசுவோம். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்குக் கிடைக்காமல் போனதை இப்போது கொடுத்தால் உட்காருவார் என்று எனக்குத் தோன்றியது. பெட்டி செத்துப் பல வருடம். ஆனால் என்னிடம் கம்ப்யூட்டர் இருந்தது. ஈப்போக் கடையில் கம்பெனிப் பேர் இல்லாமல் பொருத்திக் கொடுத்த மேசைக் கம்ப்யூட்டர், பச்சைத் திரை, கூடவே விளையாட்டுக்கென்று இரண்டு குமிழ். அதையே அந்தப் பெட்டியாக நடிக்க வைத்துவிட்டால் போகிறது. ஒரு எந்திரத்தை இன்னொரு எந்திரமாக நடிக்க வைப்பதற்கு இப்போது எமுலேட்டர் என்று பேர் சொல்கிறார்கள். எனக்கு அப்போது பேரெல்லாம் தெரியாது. மாதப் பிறப்புக்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

முதலில் எழுதியது அழுகல். எனக்குப் பழக்கமான சுலபமான மொழியில் எழுதினேன். பந்து, கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மேடேறுகிற ஆள் மாதிரி நின்று நின்று போனது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எந்திரத்துக்கு நேரடியாகப் புரியும் எண்களிலேயே திரும்ப எழுதினேன். இப்போது பந்து கண்ணில் படாமல் பறந்தது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். ஆபீசில் பெரிய கிராணி பேசும்போது மனதுக்குள் பந்து ஓடிக்கொண்டிருக்கும். மட்டையின் நுனியில் பட்டால் எந்தச் சாய்வில் திரும்பும், நடுவில் பட்டால் எப்படி? பழைய பெட்டியின் சில்லுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல எந்தப் புத்தகமும் கிடையாது. எங்கள் ஞாபகம்தான் வரைபடம்.

ஒருவழியாக முடித்து, ஆறு மணிக்குச் சற்று முன்னால் அப்பாவைக் கூப்பிட்டுத் திரை முன்னால் நிறுத்தினேன். நின்றபடியே பார்த்தார்.

"நல்லாருக்குப்பா," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். பனிக்குள் லோரி விளக்குகள் மங்கலாக வந்து போயின. ரோட்டோரமாக அவர் தோளைப் பிடித்து இழுத்தபடி நடந்தேன். பூட்டுக்கு முன்னால் நின்றோம். குளிரில் என் பல் தந்தி அடித்தது. அவர் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இவரை விட்டுவிட்டு ஈப்போவுக்கு ஓடிவிட வேண்டும் என்று ஒரு கணமும், இவரை விட்டு எங்கேயும் போக முடியாது என்று அடுத்த கணமும் தோன்றியது. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவிடம் ஆடச் சொன்னேன். பழைய ராணி அல்லவா, குறை இருந்தால் சொல்லட்டும். இரண்டு விரலால் குமிழைத் தொட்டாள். கொஞ்ச நேரம் ஆடினாள்.

"இது அது இல்லடா."

"என்ன இல்ல?"

"தெரியல. ஆனா இது அது இல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சத்தத்தை மாற்றினேன், பழைய பெட்டியின் 'டொக்' என்ற ஓசை வரும்வரை. மட்டையைக் கொஞ்சம் நீளமாக்கினேன். பழைய டிவியில் படம் லேசாக நடுங்குமே, அந்த நடுக்கத்தைக்கூட வரவழைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆடிவிட்டு, அதே மூன்று சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாள். மாதம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஈப்போவுக்குக் கட்டிய பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

கடைசியில் ஒரு நாள் அவளே கண்டுபிடித்தாள். "குளிர் இல்லடா. அதான். அதுல குளிர் வந்தா மட்டை இறங்கும்ல."

உண்மைதான். மறந்தே போயிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெட்டியில் மட்டைகள் இரண்டும் தானாகக் கீழே நழுவும். படமும் ஓரங்களில் சுருங்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பனி இறங்கும் நேரமும் அதுதான் என்பதால், பெட்டிக்குக் குளிர் தாங்கவில்லை என்று தோட்டம் முழுக்க ஒரே முடிவாக இருந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மனிதனுக்கே பல் கிடுகிடுக்கிற இடத்தில் பெட்டிக்கு மட்டும் குளிராதா? அக்காதான் அதற்குச் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். குமிழ்களுக்கு இடம் விட்டு, கழுத்துப் பட்டையோடு. ஸ்வெட்டர் போட்டும் மட்டை இறங்கியது. குளிர் அதிகம் என்று மேலே இன்னொன்று போட்டார்கள். கம்பளி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளே பூஞ்சணம் பிடித்து, ஒரு நாள் கருகின வாசனை வந்தது. "ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப்போச்சு" என்று தூக்கி அலமாரியில் வைத்தார்கள். அதோடு சரி.

"இதுக்கும் ஒரு ஸ்வெட்டர் பின்னப் போறியா?" என்று அக்காவைச் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை, பல்புதான். புதுக் கரண்டில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பழைய கரண்டில் அது அப்படி எரியாது. சாயங்கால இலை வந்து தொழிற்சாலையில் பரப்பியதும், அதை வாட்டப் பெரிய ஃபேன்களைப் போடுவார்கள். அத்தனை பாரமும் ஒரேயடியாக எஞ்சின் மேல் விழும். வீட்டில் பல்பு மங்கும். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா ஃபேன் போட்டுட்டாரு" என்பாள். தினமும் சொல்வாள். வீட்டில் பல்பு மங்கினால் ஃபேன் என்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் மட்டை இறங்கினால் குளிர் என்றும் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் ஒரே நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ குளிர் இல்லையா?"

"இல்ல. அப்பா."

"நல்லா இருந்த பெட்டிய நான்தான் கம்பளியப் போட்டுக் கொன்னுட்டேனா," என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இத்தனை வருடம் கழித்து ஒரு பெட்டிக்காக அவள் கலங்கியது எனக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது.

அன்றைக்கே அதை எழுதினேன். ஆட்டம் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில் இரண்டு மட்டையும் கீழே நழுவும், படம் ஓரத்தில் சுருங்கும், பந்து தயங்கும். பிறகு எல்லாம் மெல்லத் தேறும். பழுதை வேண்டுமென்றே எழுதுவது அதுவே முதல் தடவை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை ஒழுங்காகக் கெடுப்பது லேசில்லை.

மறுநாள் சாயங்காலம் மச்சானுக்கு லோரி இல்லை. அக்காவும் அவரும் ஆட உட்கார்ந்தார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் போக எழுந்தேன். அப்போது திரையில் மட்டைகள் நழுவின. அக்காவின் விரல் யோசிக்கவே இல்லை. குமிழை ஒரு இம்மி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. மச்சான் திரிங்காப்புக்காரர், அவருக்கு இந்த விவகாரம் தெரியாது. அவர் மட்டை சரிந்தது, பந்து உள்ளே போனது.

"இதான்," என்றாள் அக்கா. "இதாண்டா அது." பிறகு சிரித்துக்கொண்டே அம்மாவின் குரலில் சொன்னாள்: "அப்பா ஃபேன் போட்டுட்டாரு."

வாசலில் ஒரு காலை வெளியே வைத்திருந்த அப்பா திரும்பினார்.

"யாரு?"

அக்கா எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். மட்டை இறங்கியது, குளிர் என்று நினைத்தது, ஸ்வெட்டர், எல்லாம். அப்பா உள்ளே வந்தார். முகம் இறுகியிருந்தது.

"என் எஞ்சின் அப்படி எறங்காது."

"இறங்குச்சுப்பா. தெனமும்."

"தோட்டமே என்னத் திட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"உங்கள இல்லப்பா. குளிரத்தான் திட்டுனோம்."

அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வலித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே, "மறுபடி போடு," என்றார். போட்டேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரம் சுருங்கியதும் அவருடைய இடது கை இடுப்பு உயரத்துக்கு எழுந்து, அங்கே இல்லாத ஒரு கைப்பிடியைத் தேடியது.

படம் தேறியது. அவர் என்னை முறைத்தார்.

"இப்ப எஞ்சினுக்கு எண்ணெயக் கூட்டுனது யாரு?"

"யாரும் இல்லப்பா. தானா வரும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"தானா எப்படிடா வரும்?" கோபத்தில் அவர் குரல் ஏறியது. "எஞ்சின் தானா எந்திரிக்குமா? கூட வேலை செஞ்சவன் யாராச்சும் கேட்டாச் சிரிப்பான். ஆளு நின்னு கூட்டணும். அவசரப்பட்டுக் கூட்டுனா பல்பு போயிரும். விட்டுட்டா எஞ்சின் நின்னுரும். தானா வருமாம்."

நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எத்தனை நாள் உழைப்பு. ஆனால் அக்கா என் கையைக் கிள்ளினாள். அப்பா பேசிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே லோரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவர் போகவில்லை.

அடுத்து நான் எழுதியதற்கும் துரை விட்டுப்போன பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை. விசைப்பலகையில் ஒரு விசை, அமுக்கினால் ஃபேன் ஓடும். இன்னொன்று எண்ணெய்க் கைப்பிடி. ஃபேன் போட்டுவிட்டு எண்ணெயைக் கூட்டாவிட்டால் மட்டை இறங்கிக்கொண்டே போய்த் திரை முழுக்க அணைந்துவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் பந்து வெறி பிடித்தாற்போல் பாயும். அளந்து கூட்ட வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும். அச்சு அசலாக அதுவாகவே இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தது, இரண்டு பேர் ஆட்டத்தை மூன்று பேர் ஆட்டமாக்கியதில் வந்து நின்றது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அக்கா அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்த மூன்று சொல்லைச் சொல்லவில்லை.

ஆறு மணி ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொள்வார். முகம் கழுவி, திருநீறு பூசி, விசைப்பலகை முன்னால் வந்து உட்காருவார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஆட வந்தார்கள். எப்போது ஃபேன் வரும் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார்கள். முடியவில்லை. "சொல்லிட்டுப் போடுங்கலா," என்று கெஞ்சினால், "இலை சொல்லிட்டா வருது?" என்பார். திரை ஒரு முறைகூட அணைந்து நான் பார்த்ததில்லை.

நான் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வந்தது. கம்ப்யூட்டரைக் கொண்டுபோவதில்லை என்று பேசி முடிவு செய்யவே தேவைப்படவில்லை. ஈப்போவில் போய் என்ன செய்யப் போகிறேன் என்ற பயம் ஒரு பக்கம், எப்போது விடியும் என்ற பறப்பு ஒரு பக்கம். அந்த மாலை மூவரும் திரை முன்னால் இருந்தார்கள். அக்கா ஒரு குமிழ், மச்சான் ஒரு குமிழ், நடுவில் அப்பா.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. இவ்வளவு பாடும் அவர் ஆட வேண்டும் என்றுதானே. அவர் இன்னும் ஒரு பந்தைக்கூட அடித்திருக்கவில்லை. மச்சானிடமிருந்து குமிழை வாங்கி அவர் கையில் வைத்தேன்.

"காலையில நான் போயிருவேன்பா. ஒரே ஒரு ஆட்டம். அக்காகூட ஆடுங்க."

அவர் குமிழை லேசாகத் திருகினார். திரையில் மட்டை ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு குமிழை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஆட உக்காந்துட்டா கரண்ட யாருடா பாக்குறது?"

சொல்லிவிட்டு ஃபேனைப் போட்டார்.